ஆஸ்திரேலிய ஒயினை விட்டு விலகிய நண்பர்களுக்கு



லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, வார இறுதிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் எடுத்துக்கொள்ளும் உங்களுக்கு அடிலெய்டிலிருந்து இதை எழுதுகிறேன். குடிக்காதவர்களைக் குடிக்கக் கூப்பிடும் மடலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படியும் ஒரு பாட்டில் வாங்கப் போகிறவர்களிடம்தான் பேசுகிறேன். அந்தப் பணத்தை எதில் போட்டால் உங்கள் நாக்குக்கும் நல்லது, இங்கே மண்ணில் நிற்கும் கொடிகளுக்கும் நல்லது என்பதுதான் விஷயம்.

உங்களில் பலருக்கு முதல் ஒயினே ஆஸ்திரேலிய ஒயின்தான். பிறகு விலகிவிட்டீர்கள். "இனிப்பாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் ஒரே ருசி" என்று காரணம் சொன்னீர்கள். நீங்கள் குடித்துக்கொண்டிருந்த பாட்டில்களைப் பொறுத்தவரை அது நியாயமான குறைதான். ஆனால் அந்தப் பாட்டில்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், நீங்கள் கைவிட்டது இந்த நாட்டு ஒயினில் ஒரு பங்கை மட்டுமே என்பது தெரியும்.

1990களில் பிரிட்டனும் அமெரிக்காவும் கேட்கக் கேட்க, இங்கே கொடிகள் நட்டுக்கொண்டே போனார்கள். 2001-இல் ரிவரினா பகுதியின் யெண்டா என்ற சிற்றூரிலிருந்து, சிசிலியிலிருந்து குடியேறிய கசெல்லா குடும்பத்தார் 'யெல்லோ டெய்ல்' ஒயினை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஒயின் பழக்கமே இல்லாதவர்களையும் உட்காரவைத்த ஒயின் அது. சில வருடங்களிலேயே பல லட்சம் பெட்டிகள் விற்றன. அவர்கள் செய்தது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் லேபிளில் விலங்குப் படம் போட்டு வரிசைகட்டியபோது, ஆஸ்திரேலியா என்றாலே இதுதான் என்ற எண்ணம் உலகக் கடைகளில் நிலைத்துவிட்டது. இன்றும் பிரிட்டனுக்குப் போகும் ஆஸ்திரேலிய ஒயினில் பெரும்பகுதி பாட்டிலில் போவதில்லை. பெரிய பைகளில் நிரப்பிக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பி, அங்கே பாட்டிலில் அடைக்கிறார்கள்.

லேபிளில் 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று இருந்தால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா ஆகிய மூன்றும் முழுதாகவும், சவுத் ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து ஆகியவற்றின் பகுதிகளும் சேர்ந்த ஒரு மாபெரும் வட்டாரத்தின் பெயர் அது. திராட்சை அதற்குள் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். லேபிளில் கிளேர் வேலி, ஹன்டர் வேலி என்று குறிப்பிட்ட ஊர்ப்பெயர் போட்டால், சட்டப்படி குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கிருந்து வந்திருக்க வேண்டும். நீங்கள் தேட வேண்டியது இந்த ஊர்ப்பெயரை.

அடுத்தது விலை. மலிவு வேறு, கொடுத்த காசுக்கு மதிப்பு வேறு. லண்டன் நண்பர்களுக்கு இதைக் கணக்காகவே சொல்லலாம். பிரிட்டனில் ஒயின் மீதான தீர்வை பாட்டிலின் விலையைப் பார்த்துப் போடுவதில்லை. 2023 ஆகஸ்டில் விதி மாறியபின் ஆல்கஹால் அளவைப் பார்த்துப் போடுகிறார்கள். 6 பவுண்டு ஒயினும் 60 பவுண்டு ஒயினும் ஒரே அளவு ஆல்கஹால் கொண்டவை என்றால் தீர்வையும் ஒன்றே. அதற்கு மேல் 20 சதவீத வாட் வரி, கண்ணாடி, கப்பல், கடையின் லாபம். ஆக, அடிமட்ட விலைப் பாட்டிலில் ஒயினுக்கென்று மிஞ்சுவது மிகச் சொற்பம். மூன்று நான்கு பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால் தீர்வை அப்படியே நிற்கும், ஒயினுக்குப் போகும் பங்கு பல மடங்காகும். மேலே ஓர் அடுக்குக்குக் கை நீட்டுவதுதான் சிக்கனம். இங்கே ஆஸ்திரேலியாவில் கணக்கு வேறு. மொத்த விற்பனை (ஹோல்சேல்) விலையில் 29 சதவீதம் ஒயின் வரி என்பதால், விலை ஏறினால் வரியும் கூடவே ஏறும்.

சரி, அந்த மேல் அடுக்கில் ஏன் இவ்வளவு நல்ல ஒயின்கள் இவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன? பல சமயம் காரணம் ஒன்றே: அந்தத் திராட்சைக்கு மவுசு இல்லை. மவுசு போனால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் சவுத் ஆஸ்திரேலிய மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மடலை எழுதவைத்ததே அதுதான்.

பரோசா பள்ளத்தாக்கில் 1840களில் சிலேசியாவிலிருந்து வந்த லூத்தரன் குடியானவர்கள் கொடி நட்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் ஃபில்லோக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. 1877-இல் விக்டோரியாவின் ஜீலாங்கிலும் அது காணப்பட்டது. ஆனால் சவுத் ஆஸ்திரேலியாவுக்குள் அது நுழையவே இல்லை. வெளியிலிருந்து கொடி, மண் எதுவும் உள்ளே வராதபடி மாநிலம் கடுமையாகக் காவல் காத்தது, இன்றும் காக்கிறது. அதனால் 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் சில, ஒட்டுக் கட்டாமல், தங்கள் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன. லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்டதாகச் சொல்லும் கொடிகள் உள்ளன. டர்க்கி ஃபிளாட்டில் 1847-இல் நட்டவை உள்ளன. பிரான்சில் போய்த் தேடினாலும் இவ்வளவு பழைய ஷிராஸ் கொடிகளைக் காண்பது அரிது.

பூச்சிக்குத் தப்பியவற்றைச் சந்தை வெட்டியது. 1970களில் மக்கள் வெள்ளை ஒயின் பக்கம் திரும்பினார்கள். பழைய ஷிராஸுக்கும் கிரெனாஷுக்கும் கேட்பார் இல்லை. 1985-86-இல் அரசு, கொடிகளைப் பிடுங்கினால் விவசாயிக்குப் பணம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தாத்தா, முப்பாட்டன் நட்ட கொடிகளைப் பேரன்கள் டிராக்டர் வைத்து இழுத்துப்போட்டார்கள். கடன் கழுத்தை நெரித்தபோது அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அதற்குச் சில வருடங்கள் முன்பே விவசாயிகளுக்குப் பக்கபலமாக நின்றவர் பீட்டர் லேமன். 1970களின் கடைசியில் அவர் சால்ட்ரம் ஒயின் ஆலையில் இருந்தார். ஆலையின் உரிமையாளர்கள் விவசாயிகளிடம் திராட்சை வாங்கக் கூடாது என்றார்கள். லேமனோ அவர்களுக்குக் கைகொடுத்து வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கைக் காப்பாற்றத் தனி ஆலையே தொடங்கி அவர்கள் திராட்சையை வாங்கினார். பரோசாவில் இன்றும் அவர் பெயரைச் சொல்லும்போது மரியாதையோடுதான் சொல்கிறார்கள். அவரும், ராக்ஃபோர்டின் ராபர்ட் ஓகலஹன், சார்ல்ஸ் மெல்டன் போன்றவர்களும் பழங்கொடித் திராட்சைக்குக் கூடுதல் விலை உண்டு என்று காட்டியதால்தான் மிச்சம் பிழைத்தது. 2009-இல் யாலும்பா ஆலையின் முன்மாதிரியைத் தொடர்ந்து பரோசா, கொடிகளை வயதுவாரியாகப் பதிவு செய்தது. 35 வயது தாண்டியவை, 70 தாண்டியவை, 100 தாண்டியவை, 125 தாண்டியவை என்று நான்கு படிகள். பழங்கொடிக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதும் இதனால் வந்துவிடவில்லை. வாங்குகிறவர்கள் இருக்கும்வரைதான் அது நிற்கும்.

கிரெனாஷை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் மாதிரியான இனிப்பு ஒயின்களுக்கு மூலப்பொருளாகப் பல காலம் ஓடிய திராட்சை. அந்த மவுசு போனபின் மலிவான கலவைகளில் போய் விழுந்தது. கம்பி கட்டாத, குட்டைப் புதராக வளரும் கொடிகள், நீர் பாய்ச்சாத மண், 70, 80 வயது, இத்தனையும் இருந்தும் விலை இல்லை. இன்று மக்லாரன் வேலில், குறிப்பாக பிளூவிட் ஸ்பிரிங்ஸ் மணல் பகுதியில், அதையே மென்மையாக, செம்பழ வாசனையோடு, பினோ நுவாரைப் போல எடுப்பாகச் செய்கிறார்கள். 2017-இல் மெல்பர்ன் கண்காட்சியின் ஜிம்மி வாட்சன் கோப்பையை டர்க்கி ஃபிளாட்டின் கிரெனாஷ் வென்றது. அதற்கு முன் எந்த கிரெனாஷும் வென்றதில்லை. மேல்தட்டு கிரெனாஷின் விலை ஏறிவருகிறது. ஆனால் டாரன்பெர்க், வில்லங்கா 100 போன்ற பெயர்களில் நடுத்தர விலைப் பாட்டில்கள் இன்னும் கைக்கு எட்டுகின்றன. 14 சதவீத ஆல்கஹால் இருந்தாலும், கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஆட்டுக்கறி பிரியாணியோடு அழகாகப் போகும்.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் சமையலுக்குச் சிவப்பு ஒயின் ஒத்துவராது என்று உங்களில் சிலர் பியருக்குத் திரும்பிவிட்டீர்கள். மிளகாய்க் காரத்தோடு மோதுவது இரண்டு: அதிக ஆல்கஹாலும், ஓக் பீப்பாயிலிருந்தும் திராட்சைத் தோலிலிருந்தும் வரும் கடும் துவர்ப்பும். இரண்டும் காரத்தைத் தூக்கிக் காட்டும். அவை குறைவாகவும் புளிப்பு தூக்கலாகவும் உள்ள ஒயினை எடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. அந்த வகையில் உலகத்தரம் வாய்ந்த இரண்டு வெள்ளை ஒயின்கள் இங்கே உண்டு. இரண்டுமே மவுசு இல்லாதவை.

ஒன்று ரீஸ்லிங். அடிலெய்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் கிளேர் வேலி. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். அந்தக் குளிர் திராட்சையின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. ரீஸ்லிங் என்றாலே ஜெர்மன் இனிப்பு ஒயின் என்று நினைக்கிறவர்கள் அதிகம். கிளேர் ரீஸ்லிங்கில் சர்க்கரை அநேகமாக இராது. எலுமிச்சைச் சாறும் தோலும், பின்னால் ஈரக்கல் போன்ற ஒரு சுத்தம். வறுத்த வஞ்சிரத்தின் மேல் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை ஒயினே செய்துவிடும். கிளேருக்குள்ளேயே வாட்டர்வேல், போலிஷ் ஹில் ரிவர் என்று இரு ஊர்களின் ருசி வேறு வேறு. முன்னது தாராளம், பின்னது இறுக்கம். ஜெஃப்ரி கிராசெட்டின் போலிஷ் ஹில் ஒயின் விலை கூடியது. ஜிம் பாரி வாட்டர்வேல், பைக்ஸ் இரண்டும் நியாயமான விலையில் கிடைக்கும். பரோசாவை ஒட்டிய ஈடன் வேலியின் பியூசி வேல் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்.

திருகு மூடி போட்ட ஒயின் தரம் குறைந்தது என்ற எண்ணம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அதை உடைத்தவர்கள் இதே கிளேர்க்காரர்கள். தக்கை சில பாட்டில்களைக் கெடுத்தது, சிலவற்றில் காற்றை விட்டது. பாடுபட்டுச் செய்த ரீஸ்லிங் இப்படி வீணாவது பொறுக்காமல், 2000-ஆம் ஆண்டு அறுவடையில் அவ்வூர் ஆலைகள் பல சேர்ந்து திருகு மூடிக்கு மாறின. இன்று ஆஸ்திரேலிய வெள்ளை ஒயினில் தக்கையைப் பார்ப்பதே அபூர்வம். பத்து வருடம் வைத்தாலும் ஒவ்வொரு பாட்டிலும் ஒரே சீராக முதிர்கிறது என்றால் காரணம் அந்த மூடி.

இன்னொன்று ஹன்டர் வேலி செமியோன். எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். சிட்னிக்கு வடக்கே இருக்கும் ஹன்டர், ஒயினுக்குத் தோதான இடமாகவே தெரியாது. வெக்கை, ஈரப்பதம், அறுவடை நேரத்தில் மழை. மழைக்கு முந்த வேண்டும் என்று திராட்சையை முன்கூட்டியே பறிக்கிறார்கள். சர்க்கரை ஏறுவதற்குள் பறிப்பதால் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான் வரும். ஓக் பீப்பாயில் வைப்பதில்லை. இளசாகக் குடித்தால் மெலிந்து, எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஐந்தாறு வருடம் இருட்டில் படுக்கவைத்துவிட்டுத் திறந்தால், பீப்பாயையே பார்க்காத அந்த ஒயினில் வறுத்த ரொட்டி, வெண்ணெய், தேன் வாசனைகள் எழும். நிறம் பொன்னாகியிருக்கும், புளிப்பு மட்டும் அப்படியே நிமிர்ந்து நிற்கும். இதைச் செய்யும் ஊர் உலகில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. டிரல்ஸின் வாட் 1 இதன் சிகரம், விலையும் அப்படியே. அதே ஆலையின் சாதாரண ஹன்டர் செமியோன், புரோக்கன்வுட், மவுன்ட் பிளசன்டின் எலிசபெத் எல்லாம் பலரின் கைக்கு எட்டும். ஆல்கஹால் குறைவு என்பதால் பிரிட்டன் தீர்வையும் இதற்குக் குறைவு.

விக்டோரியாவில் ஓர் ஆலையைச் சொல்லாமல் போக மனமில்லை. நகம்பி அருகே 1860-இல் தொடங்கிய டாபில்க். மார்சான் என்ற ரோன் பகுதித் திராட்சையை 1927-இல் நட்டார்கள். அந்த வகையில் உலகின் மிகப் பழைய கொடிகளில் அவையும் சேர்த்தி. அவற்றின் பழத்தைத் தனியாக எடுத்து விற்கிறார்கள். இளைய கொடிகளின் சாதாரண டாபில்க் மார்சான் இங்கே 20 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. ஹனிசக்கிள் பூ வாசம், எலுமிச்சை, பத்து வருடம் வைத்தாலும் தளராத உடம்பு. அந்த விலைக்கு இவ்வளவு வரலாறும் ஆயுளும் உள்ள வெள்ளை ஒயினை ஐரோப்பாவில் எனக்குக் காட்டுங்கள்.

சிவப்பில், பழைய பெயர்களைத் திரும்பப் பாருங்கள். குனவாராவின் செம்மண் கீற்றில் வின்ஸ் எஸ்டேட் 1954-லிருந்து எடுத்துவரும் கறுப்பு லேபிள் கேபர்னே, தள்ளுபடி நாளில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

இப்போது ரிவர்லேண்ட். இதற்குத்தான் உங்கள் கவனம் அவசரமாகத் தேவை. மரே நதி நீரில் விளையும் இந்தப் பகுதியும் ரிவரினாவும் மரே டார்லிங்கும் சேர்ந்துதான் நாட்டின் திராட்சையில் பெரும்பங்கைத் தருகின்றன. பெட்டியில் பை வைத்த ஒயினை 1965-இல் தாமஸ் ஆங்கோவ் உருவாக்கியதும் இங்கே ரென்மார்க்கில்தான். 2020 நவம்பரில் சீனா ஆஸ்திரேலிய ஒயின்மேல் கடும் வரி போட்டது. 2021 மார்ச்சில் அது 116-லிருந்து 218 சதவீதம் வரை என்று உறுதியானது. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த சந்தை கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. அதே 2021-இல்தான் இங்கே வரலாறு காணாத விளைச்சல், 20 லட்சம் டன். தொட்டிகள் சிவப்பு ஒயினால் நிரம்பின. 2024 மார்ச்சில் வரி நீங்கியும் பழைய நிலை திரும்பவில்லை. இந்தப் பகுதிகளின் ஷிராஸ், கேபர்னே விவசாயிகளுக்குக் கிடைக்கும் விலை, பறிப்புக் கூலி, தண்ணீர்ச் செலவு எல்லாம் சேர்ந்த அடக்க விலையைக்கூட எட்டவில்லை. மறுபடியும் கொடிகளைப் பிடுங்குகிறார்கள்.

அதே ரிவர்லேண்டில் சிலர் வேறு வழி தேடியிருக்கிறார்கள். சிசிலியின் நீரோ டாவலா, தென் இத்தாலியின் ஃபியானோ, இன்னும் வெர்மென்டினோ, மான்டெபுல்சியானோ என்று வெயிலுக்குப் பழகிய திராட்சைகளை நட்டிருக்கிறார்கள். இவை கடும் வெயிலிலும் புளிப்பை இழப்பதில்லை. ரிக்கா டெரா தோட்டக்காரர்கள், விக்டோரியாவின் சால்மர்ஸ் குடும்பம் ஆகியோரின் உழைப்பு இதில் பெரிது. ஒயினும் இலகுவாக, சாப்பாட்டுக்கு ஏற்றதாக இருக்கிறது. நீங்கள் வெறுத்த அந்தக் கனமும் இனிப்பும் இதில் இல்லை. இன்னும் பெயர் எடுக்காததால் விலையும் குறைவு. இந்தக் கொடிகளுக்கு வாங்க ஆள் இருந்தால், பக்கத்துத் தோட்டக்காரரும் பிடுங்கிய இடத்தில் மறுபடி நட யோசிப்பார்.

சென்னை, பெங்களூரு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தப்படி, 5 அமெரிக்க டாலருக்கு மேல் இறக்குமதி விலையுள்ள பாட்டிலுக்குச் சுங்கவரி 150-லிருந்து 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேலென்றால் 75 சதவீதமாகவும் இறங்கியது. பத்து ஆண்டுகளில் இவை 50, 25 என்று குறைய வேண்டும். மாநில வரிகள் தனி. எனவே இன்றே மலிவாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விருந்தின் கடைசிக்கு ரூதர்கிளென் மஸ்கட். வடகிழக்கு விக்டோரியாவில் மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே சுருங்கவிட்டு, பிழிந்து, ஸ்பிரிட் சேர்த்து, தகரக் கொட்டகையின் வெக்கையில் பீப்பாயில் பல வருடம் கிடத்துகிறார்கள். ரூதர்கிளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு தரங்கள், ஏற ஏற வயதும் செறிவும் கூடும். கேம்பெல்ஸ், சேம்பர்ஸ், மாரிஸ், ஸ்டான்டன் அண்ட் கில்லீன், யாருடையதானாலும் முதல் தரமே போதும். உலர்திராட்சை, பேரீச்சை, காய்ச்சும் கருப்பட்டியின் மணம். ஒரு சின்ன கிளாஸ் ஊற்றினால் போதும், அதிரசத்தோடும் நெய் வடியும் அல்வாவோடும் இதற்கு இணை நான் அறிந்தவரை இல்லை.  திறந்த பாட்டில் வாரக்கணக்கில் கெடாது.

கடைக்குப் போனால் ஊர்ப்பெயர், திராட்சைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் தருவித்துத் தரச் சொல்லுங்கள். கேட்பவர் இருந்தால் கடைக்காரர் இறக்குவார். முதல் மாதத்துக்கு ஒரு கிளேர் ரீஸ்லிங், ஒரு மக்லாரன் வேல் கிரெனாஷ், ஒரு ரிவர்லேண்ட் ஃபியானோ போதும். செமியோனை மட்டும் ஆறு பாட்டிலாக வாங்குங்கள். ஒன்றை இப்போது திறந்து பாருங்கள், மீதியை வெயில் படாத அலமாரியில் படுக்கவைத்து வருடத்துக்கு ஒன்றாக எடுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் எனக்கு எழுதுங்கள். அந்த முதல் செமியோனைக் குடித்துவிட்டு மட்டும் எழுதாதீர்கள். ஐந்தாவதைத் திறக்கும்வரை பொறுத்திருங்கள்.

அன்புடன்,
அடிலெய்டிலிருந்து உங்கள் நண்பன்